மூன்றாவது டிராயர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இழைப்புளி பிடித்த கையாலேயே ராஜகீழ்ப்பாக்கத்தில் மாடுலர் கிச்சன் ஷோரூம் போட்டேன். ஆளைப் பார்த்ததுமே எடைபோட்டுவிடுவேன். அதில் தவறியது ஒரே ஒருவரிடம்தான்.

சீனியர் டிசைனர் வேலை கேட்டு வந்தார் அவர். ஒல்லியான உடம்பு, கசங்காத வெள்ளைச் சட்டை. உட்காருவதற்கு முன்பே ஷோரூமில் இருந்த டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்து, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டுவிட்டு மூடினார்.

"எழுபதாயிரம் தரேன் தம்பி."

"வேளச்சேரில வாடகையே முப்பதாயிரம் சார். லட்சத்துக்குக் கீழ முடியாது."

"நான் தகரக் கொட்டாய்ல படுத்து முன்னுக்கு வந்தவன்பா."

"அப்ப புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினீங்களா சார்?" என்று சிரித்தார்.

கேளம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி முழுவதற்குமான ஆர்டர் டிசைனருக்காகக் காத்திருந்தது. லட்சத்துக்கே ஒப்புக்கொண்டு, ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை போன் செய்தார். "உங்க லெட்டரைக் காட்டினேன் சார், பழைய கம்பெனிலயே ஏத்திக் குடுத்துட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ். அப்புறம் சார், உங்க மூணாவது டிராயர் உரசுது, பாத்துக்குங்க."

என் கையெழுத்தைக் காட்டி வேறொரு இடத்தில் பேரம் பேசியிருக்கிறார்! ஆர்டரும் கையைவிட்டுப் போனது. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

டிராயரை இழுத்துப் பார்த்தேன். உரசத்தான் செய்தது. நாற்பது வருடம் மரத்தோடு கிடந்த என் காதுக்கு அது கேட்டதில்லை. அதைச் சரிசெய்யாமலே வைத்திருக்கிறேன். அதன்பின் வேலை கேட்டு வந்த எவருக்கும் அது கேட்கவில்லை.