வெயில் காலத்தில் இறுகிய கதவுகள்

கொழும்பில் நான் படிக்கும் வணிகக் கல்லூரி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளை. கண்ணாடிச் சுவர்கள், குளிரூட்டிய வகுப்பறைகள், ஆங்கிலத்தில் மட்டுமே கேள்வி கேட்கும் விரிவுரையாளர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து புலமைப்பரிசில் பெற்று அந்த வாசலுக்குள் நுழைந்தவளும் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இது யுத்த காலம். சோதனைச்சாவடியில் என் அடையாள அட்டையிலிருந்த தோட்டத்து முகவரியைப் பார்த்ததும் பொலிஸ்காரர் என் முகத்தை மறுபடியும் பார்ப்பார். நான் தலை குனியாமல் நிற்பேன்.

இரண்டாம் வருடத்தில் நிலைபேறு என்றொரு பாடம் வந்தது. மண்ணையும் தண்ணீரையும் மனிதரையும் கெடுக்காமல் ஒரு நிறுவனம் எப்படி நீண்ட காலம் நடக்கலாம் என்பதே பாடம். இருவர் இருவராகப் போய் ஒரு தொழிலிடத்தைப் பார்த்துவந்து வகுப்பில் விளக்க வேண்டும். என்னோடு சேர்ந்தவள் கொழும்பு முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. நான் யோசிக்கவே இல்லை, எங்கள் தோட்டத்துக்குப் போவோம் என்றேன். தெரணியகலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டம் அப்போது ஏதோ ஒரு வெளிநாட்டுச் சான்றிதழுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

மாசி மாதம். மலை காய்ந்து கிடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையே எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். எங்கள் லயத்துக்கு நேர் மேலே, ஊற்று ஓடையை மறித்துப் புதிதாக ஒரு குளம் வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள், தண்ணீரில் சின்னச் சின்ன மீன்கள். நீரைச் சேமிக்கிறோம், இப்போது கொக்குகூட வருகிறது என்றார். தோழி படம் எடுத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கீழே இறங்கி வீட்டுக்குப் போனோம். அப்பா கதவைக் கழற்றி மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் மேல் மூலையைச் சீவிக்கொண்டிருந்தார். அடைமழை நாட்டில் மரம் ஊதும், கதவு இறுகும், சீவுவோம். லயத்தில் எல்லோருக்கும் இது பழகிய வேலை.

"வாங்க புள்ள, உள்ள வாங்க. கதவு கொஞ்சம் ஊதிருச்சு."

"மழைக்குத்தானே அங்கிள் மரம் ஊதும்?" என்றாள் தோழி. "ஒரு மாசமா மழையே இல்லண்டு தொரை சொன்னாரே."

"தொரை சொன்னது இந்தக் கதவுக்குத் தெரியாதே, புள்ள."

தேநீரோடு வந்த அம்மா சொன்னார்: "போன கிழமையும் சீவுனாரு. இப்படியே சீவிச் சீவி கடைசியில எனக்குத் தாழ்ப்பாள மட்டும் குடுப்பாரு."

நாங்கள் சிரித்தோம். திரும்பிப் போகும்போதுதான் கவனித்தேன். வரிசையில் ஒவ்வொரு வாசலிலும் மரச்சீவல் கிடந்தது. எல்லாக் கதவும் ஒரே பக்கத்து மேல் மூலையில்தான் சீவப்பட்டிருந்தது. மரம் ஊதினால் அப்படி ஒரே மூலை இறுகாது. நிலைகள் சாய்ந்திருந்தன. லயம் முழுவதும் பள்ளத்தின் பக்கம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கதவுதானே என்று எல்லோரும் சீவிக்கொண்டே இருந்தார்கள்.

பின்பக்கம் ஓடினேன். வெட்டிய மண்சுவருக்கு மேலே, லயத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு போயிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் அதைக் காணவில்லை. அந்த இடத்தில் புது மண்ணில் கீரை முளைத்திருந்தது.

"கன்னுக்குட்டி கால மாட்டிக்கிச்சு" என்றார் அம்மா. "அதான் மண்ணு போட்டு மூடிட்டேன். ஏன், என்னா?"

குளத்துத் தண்ணீர் மலைக்குள் இறங்கி மண்ணை இளக்குகிறது, பெருமழை வந்தால் மலை லயத்தின் மேல் சரியும் என்று எனக்குப் புரிந்தது.

வகுப்பில் சொன்னேன். குளத்தையும் கதவுகளையும் வெடிப்பையும் படங்களோடு காட்டினோம். விரிவுரையாளர் எழுந்து நின்று பாராட்டினார். அந்தத் தவணையின் சிறந்த கள ஆய்வு எங்களுடையது என்றார். பிறகு அடுத்த குழுவை அழைத்தார். 

அடுத்த விடுமுறையில் துரையின் அலுவலகத்துக்குப் போனேன். உட்காரச் சொன்னார். எங்கள் லயத்து ஆட்கள் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குளத்தைத் திறந்துவிடுங்கள் என்றேன். அவர் சிங்களத்தில், தங்கையிடம் பேசுவதுபோல் மிகவும் அன்பாக, "சான்றிதழ்க்காரர்கள் வந்து போகட்டும் நங்கி, அதுவரை ஆட்களைப் பயமுறுத்தாதே" என்றார். கிராம சேவகரோ தோட்டத்துக்குள் தனக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டார்.

வைகாசியில் மழை பிடித்தது. வானொலியில் இரத்தினபுரிப் பக்கத்து வெள்ளச் செய்தியைக் கேட்டதும் பஸ் ஏறினேன். லயத்துக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. மலை சரியப்போகிறது, வெளியேறுங்கள் என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னேன். யாரும் அசையவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புள்ள படிச்சிருக்கு. காரணமில்லாம சொல்லாது" என்று மாட்டை அவிழ்த்தார். அதன் பிறகே மற்றவர்களும் பாயைச் சுருட்டினார்கள்.

எல்லோரும் பிள்ளை மடுவத்தில் இருந்தோம். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் அந்த ஒற்றை மண்டபத்தில், அடுப்புப் புகையும் ஈரத்துணி வாடையும் இருமலும். மழை விடவே இல்லை. நான் சன்னலிலிருந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை அப்படியே நின்றது.

பிறகு வெயில் வந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கோழிகளை நாய் பிடித்திருந்தது, அரிசி நனைந்து புழுத்திருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா வாசலில் நின்று, எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னார்: "மலை வரும்னு சொன்னாங்களே, என்னாச்சு? பஸ்ஸ தவற விட்டுருச்சோ?"

லயம் முழுவதும் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.  சபையில் அவர் தன் வாக்கை எனக்காகக் கொடுத்திருந்தார்.

தோட்டத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. குளம் இன்னும் இருக்கிறது. எனக்குப் பட்டமும் கிடைத்துவிடும். அப்பாவையும் அம்மாவையும் கொழும்புக்கு அழைத்துப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறார்கள். நான் சொன்னது தவறில்லை என்று எனக்குத் தெரியும். மண் அந்த மழையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஐப்பசியில் மறுபடியும் மழை பிடித்திருக்கிறது. நேற்று அம்மாவின் கைப்பேசிக்கு அழைத்து, மடுவத்துக்குப் போய்விடுங்கள் என்றேன். அம்மா அதை அப்பாவிடம் கொடுத்தார். பின்னால் தகரத்தில் மழை இரைந்தது.

"நீ படிப்பப் பாரு புள்ள" என்றார் அப்பா. "இன்னொரு தடவ என்னால லயத்து ஆளுகள எழுப்ப முடியாது."

நீங்களாவது போங்கப்பா என்றேன். அவர் கதவை இழுத்துச் சாத்துவது கேட்டது, மேல் மூலை நிலையில் உரசியது.