புள்ளி இல்லாத அம்மா

பல்லத்தைக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவள் பல் காரணமில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து, குறடும் கண்ணாடியும் கழுவிக் கொதிக்க வைத்தே தலை நரைத்தவள். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. லாரி ஆபீசில் பில் போடுகிறவன். அவனுக்கும் ஒரே மகள். பல்லத்தைக்குப் பிள்ளை இல்லாததால் அந்த மகள்தான் இவளுக்கும் மகள்.

எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் பல்லத்தைக்குச் சோறு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்பில் மூடியிருக்கும் சட்டியைத் திறந்து, என்ன வேகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கண் மூடிய அன்றுகூட, அழுகைக்கு நடுவே நர்சைக் கூப்பிட்டு, "அந்த பாட்டில்ல சொட்டு சொட்டா இறங்குச்சே, அது என்ன மருந்து தாயி?" என்று கேட்டவள்.

அப்படிப்பட்டவள் இருக்கும் குடும்பத்தில், தம்பி மகள் ஒருநாள் பச்சை குத்துகிற கடை வைத்திருக்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். தம்பி தாம் தூம் என்று குதித்தான்.

"ரவுடிங்களுக்கு முத்திரை அடிக்கிறவனுக்கா என் பொண்ணு? இருட்டு ரூமு, புகை, கழுத்துல சங்கிலி போட்ட தடியனுங்க! யாருக்குக் குத்தின ஊசிய யாருக்குக் குத்துறானோ!"

"நீங்க போய்ப் பாத்தீங்களாப்பா?"

"பாக்க வேற செய்யணுமா?"

"அத்தை போய்ப் பாக்கட்டும். அத்தை வேணாம்னு சொல்லட்டும், இந்தப் பேச்சையே விட்டுடுறேன்."

தம்பியும் ஒத்துக்கொண்டான். இவ்வளவு ஆத்திரம் அவனுக்கு ஏன் என்று பல்லத்தைக்குத் தெரியும். மீசை அரும்பிய வயதில் கூட்டாளிகளோடு போய், சந்தை வாசலில் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருந்த ஒருவனிடம் முன்னங்கையில் 'அம்மா' என்று குத்தச் சொன்னான். அந்த மகராசன் புள்ளி வைக்க மறந்துவிட்டான். 'அமமா' என்று நின்றுவிட்டது. கூட்டாளிகள் ஆடு கத்துவது போல் "அமமா, அமமா" என்று தெருத்தெருவாகத் துரத்தினார்கள். அன்றிலிருந்து அவனுக்கு முழுக்கைச் சட்டைதான். அனல் கொளுத்தினாலும் மடிக்க மாட்டான். மகளிடம்கூட அது தீக்காயம் என்றே சொல்லி வைத்திருந்தான்.

செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த இடம். பல்லத்தை மூச்சு வாங்க ஏறி, கதவைத் தள்ளினாள். புகை இல்லை. மருந்து வாசம்தான் அடித்தது. கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஏம்பா, சங்கிலி போட்ட ஆளுங்க ஒருத்தரையும் காணோமே?"

பையன் சிரித்தான். "இன்னிக்கு அவங்களுக்கு லீவு. நீங்க பல்லத்தை தானே? கண்ணாடிய கயித்துல கட்டித் தொங்க விட்டிருப்பாங்கன்னு சொன்னா."

நாற்காலியில் மீசைக்கார பஸ் டிரைவர் ஒருவர், இறந்துபோன தன் நாயின் முகத்தைத் தோளில் குத்திக்கொண்டிருந்தார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"எறும்பு கடிக்கிற மாதிரியா, தேள் கொட்டுற மாதிரியா?" என்று பல்லத்தை அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எறும்புதாங்க. ஆனா புத்தே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு."

பிறகு பையனைப் பிடித்துக்கொண்டாள். ஊசி புதுசா? அவள் பார்க்கவே உறையைக் கிழித்துக் காட்டினான். பழையது எங்கே? டப்பாவைக் காட்டினான். டப்பா மூடியையும் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "பச்சைங்கிறீங்க, மை கறுப்பா இருக்கே?" "நாள்பட்டா தோலுக்குள்ள பச்சையாத் தெரியும் அத்தை."

முகம் முடியப்போகும் நேரத்தில் அதன் கீழே வர வேண்டிய பெயரைத் தாளில் எழுதி, முதலில் டிரைவரைப் படிக்கச் சொன்னான். பிறகு பல்லத்தையிடம் நீட்டினான்.

"எழுத்துன்னா ரெண்டு பேராவது படிக்காம நான் ஊசியத் தொட மாட்டேன். எழுத்தெழுத்தாப் படிங்க அத்தை."

"செ... ல்... ல... ம்."

"ரெண்டு புள்ளியும் இருக்கா?"

பல்லத்தைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள். மெஷின் இரைச்சலில் கத்தினாள்: "டேய்! என் கண்ணு முன்னாலயே குத்துறான்டா! அவ்ளோ பெரிய மீசைக்காரரு, குழந்தை மாதிரி அழுவுறாரு..." அதோடு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படி அதிர்ந்தது. தம்பி, பின்னால் லாரி ஆபீஸ் லோடுமேன்கள் இரண்டு பேர்.

"அக்கா! யாரைக் குத்தினான்? ரத்தம் எங்க?"

"என்னைத்தாங்க," என்றார் டிரைவர். "இன்னும் ஒரு காது பாக்கி இருக்கு. நாயோடது."

லோடுமேன்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தம்பி வேர்த்து ஒழுக நின்றான்.

"நல்லாப் பாத்துட்டேன்டா," என்றாள் பல்லத்தை. "எங்க டாக்டர் ரூம விட சுத்தம். அதை விடு. எழுத்து குத்தணும்னா படிக்கச் சொல்றான். புள்ளி இருக்கான்னு கேக்குறான்டா இவன்!"

தம்பி லோடுமேன்களைக் கீழே போய் நிற்கச் சொன்னான். டிரைவர் எழுந்து போகிறவரைக்கும் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"விட்டுப்போன புள்ளிய... அப்புறமா வைக்க முடியுமா?"

"எத்தனை வருஷம் ஆனாலும் வைக்கலாம் மாமா."

மாமா என்றதைத் தம்பி மறுக்கவில்லை. மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினான். பையன் வெளிறிப்போன அந்த எழுத்துகளைப் படித்தான், சிரிக்கவில்லை. பேனாவைத் தம்பி கையிலேயே கொடுத்து, "எங்க வரணுமோ நீங்களே வைங்க" என்றான். தம்பி நடு எழுத்தின் மேல் புள்ளி வைத்தான். பல்லத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, சரி என்று தலையாட்டினாள்.

"மெதுவா, மாப்பிள்ளை," என்றான் தம்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

ஊசி பட்டது.

"அம்மா!"

"ஆங்," என்றாள் பல்லத்தை. "இப்பதான்டா சரியாப் படிக்கிறே."