எதிர்வெயிலில் தெரியும் பாய்

1974 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, கோட்டைக்குப்பத்துப் படகுகளுக்கெல்லாம் பாய் தைத்துக்கொண்டிருந்த தெய்வசிகாமணி குடும்பத்தோடு காசிமேட்டுக்குக் குடிபோனார். பெண்சாதியின் அண்ணன் அங்கே வலைக்கடை வைத்திருந்தார். பஸ் ஏற்றிவிடப் பாதி ஊர் வந்திருந்தது. கடைசி நேரத்தில் அவர்களுடைய கோழி கூடையிலிருந்து தப்பி ஓடியது. அதைத் துரத்திப் பிடித்துக் கொடுத்த கஸ்தூரியம்மாளின் கையில் தன் கோணி ஊசியைத் திணித்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

கஸ்தூரியம்மாள், பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடித் தொழில் செய்யும் சின்னதம்பியின் மனைவி. முப்பது வயது ஆகவில்லை. தெய்வசிகாமணிக்கு மடிப்புப் பிடித்துக் கொடுத்துப் பழகியவள். மீன் கூடை சுமப்பதைவிட ஊசி பிடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இனி அந்த வேலையை நானே செய்கிறேன் என்றாள். பெண்பிள்ளை தைத்த பாய் காற்றைப் பிடிக்குமா என்று ஊர்ப் பெரியவர் சுப்பராயலு தாடையைச் சொறிந்தார். பொங்கல்வரை பார்க்கலாம், சரிப்படாவிட்டால் மீஞ்சூர் தையல்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

ஐப்பசிப் புயல் பழைய பாய்களைக் கிழித்துப்போட்டு அவளுக்கு வேலை கொடுத்தது. காடாத் துணியை மூட்டி எல்லாப் படகுக்கும் புதுப் பாய் தைத்தாள். காற்றை நன்றாகவே பிடித்தன. கெட்டது வேறு பக்கம். காலையில் படகுகள் திரும்பும்போது, பெண்கள் தங்கள் வீட்டுப் படகைத் தூரத்திலேயே கண்டுபிடித்துக் கூடையோடு தண்ணீரில் இறங்குவார்கள். முதலில் கூடை நிறைந்தவளுக்குத்தான் பழவேற்காட்டுச் சந்தையில் நல்ல இடம். படகுக்கு அடையாளம் என்று இருந்ததெல்லாம் பழைய பாய்களின் ஒட்டுகள்தான். ஒன்றில் மாவு மூட்டைச் சாக்கு, இன்னொன்றில் கிழிந்த லுங்கி. அதெல்லாம் போய், இப்போது அத்தனை பாய்களும் ஒரே தட்டில் வெந்த இட்லிபோல வந்தன. பெண்கள் ஆளுக்கொரு படகை நோக்கி ஓடி, பாதியில் திரும்பி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

இவ்வளவுதானே என்று கஸ்தூரியம்மாள் கலர் துணியில் வட்டங்கள் வெட்டி ஒட்டுப்போட்டாள். சுப்பராயலுவுக்குச் சிவப்பு, அடுத்த வீட்டு முனியம்மாவின் படகுக்குப் பச்சை, தன் வீட்டுக்கு நீலம். மணலில் விரித்துப் போட்டபோது திருவிழா மாதிரி இருந்தது.

மறுநாள் காலை முனியம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். முந்தின நாள்தான் வீட்டுக்காரரோடு சண்டை. வட்டம் போட்ட பாய் கிட்டே வந்ததும், பின்னால் இருக்கும் ஆளைப் பார்க்காமலே ஆரம்பித்துவிட்டாள்.

"கொழம்ப கொட்டிட்டு துண்ட ஒதறிக்கினு பூட்டா ஆச்சா? இன்னிக்கி ஊட்டாண்ட வா, கஞ்சி ஊத்துறனா பாரு."

பாய்க்குப் பின்னாலிருந்து சுப்பராயலுவின் மீசை எட்டிப் பார்த்தது.

"நான் கொழம்ப தொடவே இல்லியேம்மா."

கரை முழுக்கச் சிரிப்பு. முனியம்மா மட்டும் ஈரப் புடவையோடு நேராகக் கஸ்தூரியம்மாளிடம் வந்தாள்.

"பச்சைனு சொன்னியே, எங்கடி பச்சை? எல்லாம் தோசைக்கல்லாட்டம் கருப்பாத்தான் தெரியுது."

கஸ்தூரியம்மாள் நம்பவில்லை. அடுத்த காலை கரையில் போய் நின்று பார்த்தாள். முனியம்மா சொன்னது உண்மைதான். வெயில் பாய்க்குப் பின்னால் இருந்தது. காடாத் துணி வெளிச்சத்தை விட்டது. ஒட்டுப்போட்ட இடத்தில் துணி இரட்டையாக இருந்ததால் விடவில்லை. அங்கே சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, இருட்டு மட்டும்தான். மணலில் விரித்து, குனிந்து பார்த்தே தைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாயை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் வேறு வேறு ஒட்டுப் போட்டுச் சின்னதம்பியைப் படகோடு ஏரிக்குள் அனுப்பிவிட்டு, கரையில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சதுரம் வெட்டிப் போட்டால் தூரத்தில் அதுவும் வட்டம்தான். மெல்லிய கோடு காணாமலே போனது. கீழ் மூலையில் போட்டதைப் படகின் விளிம்பு மறைத்தது. சின்னதம்பிக்கு அலுத்துவிட்டது.

"இன்னாடி, படகா இது, தேரா? இன்னும் எத்தினி தபா சுத்தணும்?"

"தேருன்னா வடம் புடிக்க நாலு பேரு வருவாங்க. நீ சும்மா சுத்து."

கடைசியில் அகலமான கோடுகள் பிடிபட்டன. நிமிர்ந்து நிற்கும் கோடு ஒரு வீட்டுக்கு, சாய்ந்த கோடு ஒரு வீட்டுக்கு. முக்கோணத்தை மேல் மூலையில் வைத்தால் ஒரு படகு, நடுவில் வைத்தால் வேறு படகு. சுப்பராயலுவின் பாயில் மட்டும் மேலே ஒரு பட்டை போட்டு, பட்டையின் நடுவே மீன் அளவு இடத்தை ஒட்டுப்போடாமல் வெறுமனே விட்டாள். வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் துணி பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சுப்பராயலுவின் காலில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. மகன் மூர்த்தி படகை எடுத்துப் போனான். அதனால், எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக, அவர் பெண்களோடு கரையில் உட்கார்ந்து தன் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெகுதூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. கரிய பட்டைக்கு நடுவே ஒரு துண்டு வெளிச்சம் மீன்போல மினுங்கியது. மற்றவர்கள் வாய் திறக்கும் முன்பே அவர் கட்டுப்போட்ட காலோடு எழுந்துவிட்டார்.

"தோ, நம்ப படகு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "மீஞ்சூருக்கு யாரும் போவத் தேவல."

அதன்பின் பாய் வேலை கஸ்தூரியம்மாளுடையதாயிற்று. பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். புதுக் கோடு போடுமுன் அவள் கரையில் ஒரு காலை நின்று பார்க்காமல் இருந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் இன்ஜின் வந்தது. பாய்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இனிமேல் உனக்குத் தூங்கத்தான் வேலை என்று முனியம்மா சீண்டினாள். தூங்கிப் பார்க்கிறேன் என்றாள் கஸ்தூரியம்மாள். ஒரு மாதம் தூங்கியும் பார்த்தாள். பிடிக்கவில்லை.

அப்போதுதான் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து சேதி வந்தது. அங்கே வாக்கப்பட்டிருந்த முனியம்மாவின் மகள் சாந்தி சொல்லியனுப்பியிருந்தாள். ஏரி தாண்டி வந்த படகுக்காரர் பூபதி கரை இறங்கும் முன்பே அதை ஒப்பித்தார்:

"பைபர் போட் வந்துகீதாம் அங்க. எல்லாம் ஒரே வெள்ளையாம். பொம்பளைங்க கரையில ஒருத்தர ஒருத்தர் அடிச்சிக்கிறாங்களாம். உன்னக் கூட்டியாரச் சொன்னாங்க, கஸ்தூரியக்கா. பெயிண்ட் இன்னும் வாங்கலியாம். நீ வந்து நின்னு பாத்துட்டுச் சொன்னப்புறந்தான் வாங்குவாங்களாம்."