டாக்டர் போட்ட கட்டங்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், நான். ஆறாவது ஆள் கோயமுத்தூர் டாக்டர். பல்லடத்தில் பஸ் இறங்கி, மீதி இரண்டு மைல் நடந்தே வந்திருந்தார்.

அண்ணனுக்குப் பத்து வயது. தரையிலிருந்து எழ முழங்காலில் கை ஊன்றுவான், பிறகு தொடையில். பெரிய ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவர் இவர்தான். பரம்பரையாக வரும் சதை நோயைத் தேடி ஊர் ஊராகப் போவதே இவர் வேலை. மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நோட்டை விரித்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்ட கட்டத்தைக் கறுப்பாக்கினார். அண்ணன் கறுப்பு.

"அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பிங்க. போன வருசம் கெணத்துல உழுந்து போயிட்டானுங்க" என்றார் அப்பா.

அம்மா நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை காங்கேயத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தவன் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒருவன் என்றால் நம்புவார்கள். இரண்டு பேர் என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

நான் சொன்னேன்: "மாமன் கட்டில்லயேதானுங்க கெடந்தாரு. கெணத்துக்கு எப்படிங்க போவாரு?"

"ஓட்ட வாயி!" என்று அண்ணன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் மாமனைக் கறுப்பாக்கினார். "பயப்படாதீங்க, பேரு எழுத மாட்டேனுங்க. இது தாய் வழியில வர்றது. பொண்ணுகளுக்கு ஒண்ணும் பண்ணாது. அவங்களுக்குப் பொறக்கற பசங்களுக்கு வரலாம். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க ரெண்டு பொண்ணுகளோட ரத்தத்தையும் பாக்கோணும். கூட்டிட்டு வாங்க."

"அதெல்லாம் எதுக்குங்க" என்று அப்பா எழுந்துவிட்டார்.

டாக்டர் மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. காங்கேயத்துச் சம்பந்தம் கூடியது. அக்காவுக்கு இரண்டும் பெண்.

டாக்டரிடமிருந்து வருஷத்துக்கு ஒரு கார்டு வந்தது. உங்கள் சின்ன மகளைக் கூட்டி வாருங்கள் என்றுதான் எழுதியிருக்கும். அப்பா படித்துவிட்டுக் கம்பியில் குத்தி வைப்பார். அண்ணன் போன பிறகும் வந்தது. ஆளே போயாயிற்று, இன்னும் எதற்குக் கார்டு போடுகிறார் என்று நினைத்தேன்.

பெண்களுக்கு ஒன்றும் பண்ணாது என்றது மட்டும்தான் அன்று என் காதில் ஏறியது. சந்தோஷமாக வாசலுக்கு ஓடிப் பாண்டி ஆடினேன்.

எனக்குப் பையன்கள் மூன்று பேர். கறுப்புக் கட்டம் இரண்டு.