ஒன்றாக மடித்த நாலு சீட்டு

தாம்பரத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவன் நான்தான். எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது, ரயில்வேயில் வேலை. சபையின் செயலாளர் என் பெரியப்பா. கமிட்டித் தேர்தல் வந்தால் அவருக்காக உயிரையும் விடத் தயாராயிருந்தோம்.

அந்த வருடம் ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே ஓட்டு எண்ணினார்கள். எண்ணியவர் அனகாபுத்தூர் தறிக்காரர். கோயில் கக்கூஸைக் கேட்காமலே கழுவிவிட்டுப் போகிறவர். பெட்டியிலிருந்து ஒரு சீட்டை எடுத்தவர், கையை உயர்த்திக் காட்டினார்.

"நாலு சீட்டு ஒண்ணா மடிச்சிக் கீது. இத எண்ணக் கூடாது."

"யார திருடன்னு சொல்ற?" என்று பெரியப்பா கத்தினார்.

நான் மடக்கு நாற்காலியைத் தூக்கித் தறிக்காரர் முகத்தில் அடித்தேன். இரும்பு பல்லில் பட்ட சத்தம் கேட்டது. அவர் பெஞ்சின்மேல் விழுந்தார். விழுந்தவரை இன்னொரு முறையும் அடித்தேன். பிறகு எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள். பாட்டுப் புத்தகங்கள் பறந்தன. போதகரின் வெள்ளை அங்கி தோளில் கிழிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு இன்ஸ்பெக்டர் வருவதற்குள் பெரியப்பா தறிக்காரரின் கட்டில் அருகே குனிந்தார். "படியில தவறி விழுந்தேன்னு சொல்லிடுங்க. சபை பேரு கெட்டுடும்."

இன்ஸ்பெக்டர் கேட்டபோது, வாயிலிருந்த ரத்தத் துணியை எடுத்துவிட்டு அவர் சொன்னார்: "சேரால அடிச்சாங்க. ஆளு தெரியும். கேஸு வேணாம் சார்."

பெரியப்பாவுக்குப் பின்னால் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறும் நான் வேதபாடம் வாசித்தேன். வாசிப்பு அருமை என்று வாசலில் கை கொடுத்தார்கள். அந்தக் கையோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. அனகாபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. "நான்தாங்க்கா அடிச்சது," என்றேன்.

அடுப்பு விறகை எடுத்துவந்து தோளிலும் முதுகிலும் விளாசினாள். "கஞ்சித் தண்ணிகூட எறங்கல இந்தாளுக்கு! நீ வெள்ளச் சொக்கா மாட்டிகினு வேதம் படிச்சிட்டு வரியா?"

நான் நகரவில்லை. உள்ளேயிருந்து வந்து அவள் கையைப் பிடித்தார் அவர். தையல் போட்ட உதட்டால் மெல்லப் பேசினார்.

"உன்ன அன்னிக்கே மன்னிச்சாச்சு. ஆனா அந்தச் சீட்டு யாரு போட்டதுன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

தெரியும். மடித்துப் போட்டவன் நான்தான்.

"அத எங்கிட்ட சொல்லாத. அங்க போய்ச் சொல்லு."

மறுவாரம் கோயிலில் வாசிக்க மேடையேறி, வேதத்தைத் திறக்காமலே சொன்னேன், சீட்டு போட்டதையும் நாற்காலியால் அடித்ததையும். முடிப்பதற்குள் பெரியப்பா சட்டையைப் பிடித்து என்னை மேடைப் படியிலிருந்து கீழே இழுத்தார். அவருடைய பிள்ளைகள் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. மிதித்தவர்களில் ஒருவன் ஞாயிறு பள்ளி வாத்தியார்.

மறுதேர்தல் நடந்தது. அதில் பெரியப்பாவே ஜெயித்தார். சாகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. வேதபாடம் வாசிக்க என்னை யாரும் மறுபடி கூப்பிடவில்லை.

சொன்னதால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று தோன்றவில்லை. கட்டுப் போட்ட விலாவோடு படுத்திருந்தபோதும் அந்தப் பல்லின் சத்தம் காதில் கேட்டது. தறிக்காரர் பார்க்க வந்திருந்தார். ஜெபம் எதுவும் பண்ணவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்து, முகம் கழுவிவிட்டுப் போனார்.