சிப்பிக்குள் நிச்சய மோதிரம்

1. மேடை

மணப்பெண்ணின் நிச்சய மோதிரம் என் தட்டில் இருந்த ஒரு டஜன் சிப்பிகளில் ஏதோ ஒன்றுக்குள் இருந்தது. எதற்குள் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரே பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா. மேஜிக் தொழிலுக்கு வரும் தம்பிமார்களே, அந்த நேரத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். கால் மட்டும் தனியாக ஆடியது. டான்ஸ் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

2. காரணம்

எல்லாவற்றுக்கும் காரணம் செல்வின். தூத்துக்குடியில் கோயில் கொடையோ மாதா திருவிழாவோ, எங்கள் இருவரில் ஒருவரைத்தான் மேஜிக் ஷோவுக்குக் கூப்பிடுவார்கள். வாய் மூடிய சிப்பிக்குள்ளிருந்து ஆடியன்ஸின் மோதிரத்தை எடுக்கும் ஐட்டத்தை அவன் கொண்டுவந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம் தெரியாமலிருக்க மப்ளர் சுற்றிக்கொண்டு அவன் ஷோ ஒவ்வொன்றுக்கும் போனேன். மே மாத வெயிலில் மப்ளர் சுற்றிய ஒரே ஆள் நான்தான் என்பது உறைக்கவே இல்லை.

"உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிட்டு" என்றாள் பேச்சி. என் மனைவி, அசிஸ்டென்டும் அவள்தான்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டதாக நம்பினேன். உயிருள்ள சிப்பியைக் கடல் தண்ணீரில் சும்மா விட்டால் லேசாக வாய் திறக்கும். மோதிரத்தை உள்ளே தள்ளித் தொட்டால் கப்பென்று மூடிக்கொள்ளும். ஒரு சிப்பியில் நகப்பாலிஷால் புள்ளி வைத்தேன். ஸ்க்ரீனுக்குப் பின்னால் பேச்சி அதில் மோதிரத்தைப் போட்டு, மற்றவற்றோடு தட்டில் வைப்பாள். நான் பேச்சுக் கொடுத்து, மணப்பெண்ணை அதையே எடுக்க வைப்பேன். வீட்டு ரிகர்சலில் பிசகவே இல்லை.

நிச்சயதார்த்த மேடையிலும் அந்தப் பெண் புள்ளிச் சிப்பியைத்தான் எடுத்தாள். கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே வெறும் சதை.

ஸ்க்ரீன் பக்கம் ஒதுங்கினேன். "ஏளா, மோதிரம் எங்க?"

"புள்ளி வச்சது வாயத் திறக்க மாட்டேன்னுட்டு. பக்கத்துல ஒண்ணு கொட்டாவி விட்டுச்சு, அதுல போட்டேன்."

"எதுல?"

"தட்டுல வச்ச பிறவு எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு!"

அடுத்ததை அவசரமாக நெம்பியதில் கத்தி என் கட்டைவிரலில் இறங்கியது. "போட்ட அன்னைக்கே போச்சா மோதிரம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான் மேக்கப் போட்டிருந்தேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க."

செல்வின். மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டப்பட்டவனாம். மேடையேறி மைக்கைப் பிடுங்கினான். "இம்புட்டு நேரம் பாத்தது பாதிதான். மீதிய ரெண்டு பேரும் சேந்து செய்யப் போறோம். ஏ, பிரியாணி அடுப்புலருந்து ஒரு சட்டி கொதிக்க கொதிக்கத் தண்ணி கொண்டாங்கப்பா!"

சிப்பி வெந்நீரில் வாய் பிளக்கும் என்பது இந்தக் கரையில் சமைக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கட்டைவிரலில் ரத்தம் ஒழுகும்போது அது ஞாபகம் வந்தால்தானே? செல்வின் சிப்பிகளைச் சட்டியில் கொட்டி, விரல்களை விரித்து ஏதோ முணுமுணுத்தான். ஒவ்வொன்றாக வாய் திறந்தது. ஒன்றுக்குள் தங்கம் மின்னியது.

"சுடுது!" என்று கத்தியபடியே பெண் சிரித்தாள். மண்டபமே எழுந்து கைதட்டியது, அவனுக்கு.

3. பந்தி

பக்கத்துப் பக்கத்து இலை. "ஏலே, உன் ஐட்டத்த உன்ன வச்சே முடிக்க வேண்டியதாப் போச்சு" என்றேன்.

"என் ஐட்டமா? என்னது செத்த சிப்பில்லா அண்ணாச்சி. கறிய வழிச்சிட்டுப் பசை போட்டு ஒட்டுனது." குரலைத் தாழ்த்தினான். "உசுரோட இருக்கதுக்குள்ள நீங்க எப்படி வச்சிய?"

அவன் இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கோ பல மாதம் கழித்துப் பசித்தது. இன்னொரு கறித்துண்டு கேட்டு வாங்கினேன்.

இப்போது வெந்நீர்ச் சட்டியோடு அந்த ஐட்டம் என்னுடையது. அதற்குத்தான் இப்போது கூட்டம் கூடுகிறது. செல்வின் ஏதாவது சாக்கு வைத்து வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்க்கிறான்.

"பாவம், சொல்லிருங்களேன்" என்கிறாள் பேச்சி.

சொல்லமாட்டேன். தம்பிமார்களே, இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் இதுதான்: சொல்லிக் கொடுத்தால் அவன் என் ஐட்டத்தைத்தான் செய்வான். என்னைப் போலத் தானாகத் தேடித் தப்பாகக் கண்டுபிடித்தால் புதிதாக ஒன்று பிறக்கும். அதைத் திருட நான் தயாராக இருக்கிறேன்.