ஒன்பது நாள் பினாங்கு

பினாங்கைப் பற்றிய என் புத்தகத்தைப் படித்தவர்கள், நான் அந்த ஊரில் மாதக்கணக்கில் இருந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். இருந்தது பத்தொன்பது நாள். அதில் பத்து நாள் என்னை அழைத்தவர்கள் கொடுத்தது. மீதி ஒன்பது நாள் நான் பொய் சொல்லி எடுத்துக்கொண்டது.

அது 2008 கோடை விடுமுறை. நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. தினமும் பஸ்ஸில் போய்வருவேன். கணவருக்குப் பண்ருட்டியில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. பலாப்பழ சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடுவார். ஒரே மகள், அப்போதுதான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள்.

நான் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவள். சுனாமிக்குப் பிறகு மூன்று வருடமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கு முன்னெல்லாம் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மூவரும் நேராகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். அந்த ஞாயிறு, கிறிஸ்துமசுக்கு மறுநாள், பூசை கொஞ்சம் நீண்டுவிட்டது. அதனால் பிழைத்தோம். பிறகு பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டவர்களுக்குத் துணி கொடுக்கும் வேலையில் நானும் இருந்தேன். ஒரு பெண் தன் மகனின் அளவைச் சொல்லிச் சட்டை கேட்டாள். நான் தேடத் தொடங்கியதும், அவள் பின்னால் நின்றவள் அந்தப் பிள்ளை இல்லை என்று தலையசைத்தாள். நான் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று முதல் கதை எழுத உட்கார்ந்தால் கை கூசியது. கடற்கரைப் பக்கமும் போகவில்லை.

இந்த நிலையில்தான் பினாங்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள தமிழாசிரியர்களுக்குச் சிறுகதைப் பட்டறை நடத்த வேண்டும், பத்து நாள். என் பழைய தொகுப்பை யாரோ படித்திருக்கிறார்கள். போகத் தயங்கியவளைக் கணவர்தான் விரட்டி அனுப்பினார்.

"போயிட்டு வா. பத்து நாளு நாங்க சமாளிச்சிக்குவோம். நானே ஆக்குவேன், இவ பாத்திரம் கழுவுவா."

"நான் கழுவ மாட்டேன்பா," என்றாள் மகள். சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்தார்கள்.

ஜார்ஜ் டவுனில் இறங்கிய மூன்றாம் நாளே எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. மாலையில் பட்டறை முடிந்ததும் நடக்கத் தொடங்குவேன். கடைவீடுகளின் முன்னால் ஒன்றையொன்று தொட்டபடி போகும் நடைவழிகளில், மழை பெய்தாலும் நனையாமல் தெருத் தெருவாகப் போகலாம். சீனக் கோயிலுக்கு நாலு எட்டில் பள்ளிவாசல், அதைத் தாண்டினால் மாரியம்மன் கோயில், இன்னும் கொஞ்சம் போனால் மாதா கோயில். ஒரு தேநீர்க் கடையில் பக்கத்து மேசைக் கிழவர் மூன்று மொழியில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். அந்த ஊரில் என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை. யாரும் எங்கே போறீங்க என்று கேட்கவில்லை. நாற்பது வயதில் முதல்முறையாகத் தெருவில் காரணமில்லாமல் நடந்தேன்.

எட்டாம் நாள், தீவுக்கும் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியில் ஏறினேன். சுனாமி அந்தத் தீவையும் அடித்தது. உயிர் போனவர்கள் அங்கும் உண்டு. ஆனாலும் ஜனங்கள் கம்பியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தபடி வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பயம் வரவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கம் வந்தது. சட்டை கேட்ட பெண்ணைப் பற்றித்தான்.

மறுநாள் விமான டிக்கெட் ஆபீசுக்குப் போய்ப் பயணத்தை ஒன்பது நாள் தள்ளிப் போட்டேன். பட்டறையை நடத்திய ஆசிரியை தன் வீட்டு மாடியறையைத் தந்தார், பேசுவதற்கு ஒரு போனும் தந்தார். வீட்டுக்குப் பேசினேன்.

"போட்டிருந்த ஃபிளைட்டு கேன்சலாயிடுச்சி, வேற டிக்கெட்டு கெடைக்கலீங்க. லீவு டைமு, ஃபிளைட்டெல்லாம் ஃபுல்லாம். அடுத்த வாரம் தாண்டித்தான் இருக்குதாம்."

எழுத்து வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டு வாங்க என் மனது இடம் கொடுக்கவில்லை. பொய் சுலபமாக இருந்தது.

"அடப் பாவமே," என்றார் அவர். "தனியா என்னா பண்ணுவ? தங்க எடம் இருக்குதா? சாப்பாட்டுக்கு?"

"அதெல்லாம் இருக்குது."

"தைரியமா இரு. இங்க ஒண்ணும் பிரச்சன இல்ல."

அந்த ஒன்பது நாளில் நான் எழுதியதுபோல முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. காலையில் ஃபெர்ரி ஏறுவேன். இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்ப் போய் வருவேன். மதியம் சோறு, பிறகு ஏதாவதொரு நடைவழியில் உட்கார்ந்து எழுத்து. வீட்டு நினைப்பே வரவில்லை என்றால் பொய்யாகாது.

ஆறாம் நாள் போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கணவரிடமிருந்து நான்கு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல, உன் கொரல கேக்கலாம்னுதான்," என்றார். மகளிடம் கொடுத்தார்.

"எப்பம்மா வருவ?"

"திங்கக்கெழம வந்துடுவேன்டா. என்னா கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"வெயிலு ஜாஸ்திமா. அதான்."

தாய்க்காரி அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பாதியில் நின்ற ஒரு பத்தி என் மேசையில் இருந்தது. சரிடா என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை வீட்டுக் கதவைத் திறந்தவள் என் நாத்தனார். கம்மாபுரத்திலிருந்து வந்திருந்தாள்.

"வா அண்ணி. உள்ள போயிப் பாரு, உம் பொண்ணு வயசுக்கு வந்து நாலு நாளாவுது."

பெட்டியை வாசலிலேயே விட்டேன். மகள் அறை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். புதுப் பாவாடை. யாரோ தலையை இழுத்து வாரிப் பின்னியிருந்தார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கணவரிடம் சத்தம் போட்டேன். சத்தம் போட எனக்கு என்ன யோக்கியதை!

"டிக்கெட்டு இல்லாம அங்க மாட்டிக்கினு இருக்கற. சொன்னா அழுதுக்கினே இருப்ப. பறந்தா வர முடியும்?" என்றார்.

நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நீ என்னம்மா பண்ணுவ? டிக்கெட்டு கெடைக்கலன்னா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சடங்குக்கு வந்தவர்களில் ஒருத்தி, "பெத்தவ பக்கத்துல இல்லாம போயிட்டாளே," என்று இழுத்தபோதும் என் மகள்தான் முந்திக்கொண்டு டிக்கெட் கதையைச் சொன்னாள். அடுத்த மாதம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஊட்ல சொன்னீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார், வீட்டில் சொல்லவும் சொன்னார். ஜெபமாலையை மட்டும் சொல்லி முடித்தேன்.

இரண்டு வருடத்தில் புத்தகம் வந்தது. கடலூர்க் கடலும் பினாங்குக் கடலும் கலந்த கதைகள். அதற்கு முன் எனக்கு இல்லாத பெயரை அது வாங்கித் தந்தது. யார் பாராட்டினாலும் எனக்கு அந்தப் பாயும் தட்டும் டம்ளரும் கண் முன்னால் வந்து நிற்கும்.

2013-இல் மகள் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அவர்கள் தமிழ்த்துறையில் என் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அன்று எனக்கு நல்ல உற்சாகம். பினாங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிதானம் போய்விடும். தெருக்களைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், ஃபெர்ரியைச் சொன்னேன். ஒரு மாணவர் எழுந்து, "திரும்பி வரவே மனசு வந்திருக்காதே மேடம்?" என்றார்.

"எங்க வந்துச்சு? நானே டிக்கெட் ஆபீசுக்குப் போயி ஒம்போது நாளு தள்ளிப் போட்டுட்டு வந்தேன்!"

எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அதன் பிறகுதான் மூன்றாவது வரிசையில் மகளைப் பார்த்தேன். அவள் கை தட்டவில்லை. பேச்சை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பி.முட்லூர் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. ஆலப்பாக்கம் வரும்போது வாயைத் திறந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அன்னைக்கு என்னா நடந்துச்சின்னு உனக்குத் தெரியுமா?"

நான் கேட்டதே இல்லை. கேட்டால் என் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

"காலையில அப்பா வேலைக்குக் கெளம்பினு இருந்தாரு. நான் பாத்ரூமவுட்டு வெளிய வரல. தட்டித் தட்டிக் கேட்டாரு. அம்மாவ கூப்பிடுங்கன்னு மட்டும் சொன்னேன். நாலு வாட்டி அடிச்சாரு, நீ எடுக்கல. அப்புறம் அவரே புரிஞ்சிக்கினு மெடிக்கலுக்கு ஓடினாரு. எதுன்னு தெரியாம மூணு தினுசு வாங்கியாந்து கதவாண்ட வச்சிட்டு, 'அப்பா தெருவுல நிக்கிறேம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அத்தை வந்து எறங்குற வரைக்கும் தெருவுலயே நின்னாரு. அந்த வெயில்ல."

அவள் முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கம்மா இருந்த?"

"ஃபெர்ரியில. எழுதிக்கினு இருந்தேன்."

"அந்த ஊரு அவ்ளோ நல்லா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். இனி ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "இருந்துச்சு," என்றேன்.

முதுநகரில் கூட்டம் ஏறியது. அந்த இரைச்சலில் அவள் சொன்னாள்: "அப்பாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாரு."

மூன்று வாரம் போல அவள் எனக்கு முந்திய பஸ்ஸில் போனாள். பிறகு ஒருநாள் நேரமாகிவிட்டது என்று என் பஸ்ஸிலேயே ஏறி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பரீட்சையைப் பற்றிப் பேசினாள். பினாங்கைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமசுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பந்தியில் ஒருவர் என் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். கணவர் பெருமையாகச் சொன்னார்: "டிக்கெட்டு கெடைக்காம அங்க மாட்டிக்கினா மாமா. கர்த்தரு வேணும்னுதான் புடிச்சி வச்சிருக்காரு. அந்த ஒம்போது நாளு இல்லன்னா இந்த புக்கே இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த மகள் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பதினேழு வயதுப் பெண்ணை என் பொய்க்குக் கூட்டாளியாக்கி வைத்திருக்கிறேன். நான் எழுந்துபோய், கேட்டவரின் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.